ஞாயிறு பயிற்சி: பெண்கள் ஒலிம்பியாட் கேள்விகள்

மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு, வழக்கமான கணினி அறையில், ஐரோப்பியப் பெண்கள் தகவலியல் ஒலிம்பியாடின் (மாணவிகளுக்கான கணினி நிரலாக்கப் போட்டி) பழைய கேள்வி ஒன்றைப் போட்டுப் பார்க்கப் போகிறோம். 2021இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் தொடங்கிவைத்த போட்டி இது. பெருந்தொற்றுக் காலம் என்பதால் முதல் ஆண்டு இணையவழியில்தான் நடந்தது. ஒரு நாட்டுக்கு 4 மாணவிகள், ஆனால் எழுதுவது தனித்தனியே. இரண்டு நாள், நாளுக்கு 5 மணி நேரம்.

"முழு விடை வராவிட்டால் பூஜ்யமா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. ஒவ்வொரு கேள்வியும் பகுதிகளாகப் பிரிந்திருக்கும். சிறிய உள்ளீட்டுக்கு மட்டும் சரியாக ஓடும் நிரலுக்கும் அதற்குரிய மதிப்பெண் உண்டு. உள்ளீடு லட்சக்கணக்கில் பெருகும்போதுதான், நிரல் ஓடி முடிப்பதற்கான நேர வரம்பு இடிக்கும். அங்கே வேகமாகத் தட்டச்சு செய்வது உதவாது, வழிமுறையையே மாற்ற வேண்டும். ஆகவே முதல் அரை மணி நேரம் யாரும் கணினியைத் தொடக் கூடாது. தாளும் பேனாவும் மட்டும். (முணுமுணுப்பு வரும் என்று தெரியும். மாற்றமில்லை.)

நிரல் மொழி சி பிளஸ் பிளஸ், பைத்தான், எது தெரியுமோ அது. மடிக்கணினி இல்லாதவர்கள் தயங்க வேண்டாம், அறையில் கணினிகள் இருக்கின்றன. தம்பிகளையும் அழைத்து வரலாம். வருகிறவர்கள் சனி இரவுக்குள் இங்கே பெயரைப் பதிவிடுங்கள்.