திருவிருந்துக்குத் தகுதி தேடும் மகனுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். போன வாரம் பேசியபோது, குடியை முற்றிலும் விட்ட பிறகே திருவிருந்தில், ஆண்டவர் நினைவாக அப்பமும் ரசமும் வாங்கும் ஆராதனையில், கலந்துகொள்ளப் போவதாகவும், அதுவரை திருவிருந்து தொடங்கும் முன்பே ஆலயத்தை விட்டு எழுந்து வந்துவிடுவதாகவும் சொன்னாய். தொலைபேசியில் பதில் சொல்லித் தீரும் காரியமல்ல என்பதால் எழுதுகிறேன்.

லூக்கா 19ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசி. எரிகோவில் சகேயு ஆயக்காரருக்குத் தலைவன்; ரோமருக்காகச் சொந்த ஜனத்திடமே வரி தண்டி ஐசுவரியவானானவன். இயேசுவைப் பார்க்க அவன் காட்டத்தி மரத்தில் ஏறியிருந்தபோது, அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்டிருந்ததாகவோ, அநியாயமாய் வாங்கியதில் ஒரு காசையாவது திருப்பிக் கொடுத்திருந்ததாகவோ வேதம் சொல்லவில்லை. அந்த நிலையிலேதான் ஆண்டவர் அண்ணாந்து பார்த்து, அவனைப் பேர் சொல்லி அழைத்து, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார். பாவியான மனுஷனிடத்தில் தங்கப் போனாரே என்று ஊரார் முறுமுறுத்தார்கள். அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிச் செலுத்துவதாகவும் சொல்லுகிறான். இந்த வரிசையை நீ கவனிக்க வேண்டும் என்பதே என் ஆசை. அவன் கணக்கைத் தீர்த்த பிறகு வருகிறேன் என்று ஆண்டவர் சொல்லியிருந்தால், அந்தக் கணக்கு ஒருநாளும் தீர்ந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

எபேசு சபையாருக்கு எழுதும்போது அப்போஸ்தலன் பவுலும் இதே வரிசையில்தான் செல்லுகிறார். கிருபையினாலே, அதாவது தகுதி பாராமல் தேவன் காட்டும் தயவினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு என்று சொல்லிவிட்டு, அடுத்தபடியாகத்தான் நற்கிரியைகளைச் செய்யும்படி நாம் சிருஷ்டிக்கப்பட்டிருப்பதைச் சொல்லுகிறார். ஆகையால், கிருபை இருக்கிறதே, குடித்தால் என்ன என்று நீ இருந்துவிட முடியாது. அந்தக் கேள்விக்கு ரோமர் 6ஆம் அதிகாரத்தில் "கூடாதே" என்று ஒரே சொல்லில் பதில் இருக்கிறது. குடியை விடுவதற்காக நீ பார்க்கும் ஆலோசகரிடம் போவதை ஒரு வாரம்கூட நிறுத்தாதே. ஆனால் அவரிடம் போவதை ஆண்டவருக்குச் செலுத்தும் விலையாக எண்ணாதே.

திருவிருந்தை அபாத்திரமாய், அதாவது தகுதியற்ற விதமாய், புசிக்கக் கூடாது என்ற வசனத்துக்குப் பயப்படுகிறேன் என்றாய். பயப்படுவதில் தவறில்லை, ஆனால் அது எந்தச் சபைக்கு, எதற்காக எழுதப்பட்டது என்பதையும் பார். கொரிந்துவில் கூடிவந்தவர்களில் சிலர் மற்றவர்களுக்குக் காத்திராமல் முந்திச் சாப்பிட்டு, குடித்து வெறிகொண்டிருக்க, இல்லாதவர்கள் பசியாயிருந்து வெட்கப்பட்டார்கள். பவுல் கண்டித்தது அந்த நடத்தையை. அதே இடத்தில் அவர், மனுஷன் தன்னைத்தானே சோதித்தறிந்து, பிறகு புசிக்கக்கடவன் என்கிறார். சோதித்தறிந்து விலகி நிற்கச் சொல்லவில்லை. பாவ அறிக்கை சொல்லி முழங்கால் படியிடுகிற நீ ஏன் எழுந்து போக வேண்டும்?

உன் அறைத் தோழன் கத்தோலிக்கன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கிருபையையும் கிரியையையும் பற்றி 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையும் மார்ட்டின் லுத்தர் வழிவந்த லுத்தரன் சபையும் ஒன்றையொன்று கண்டனம் செய்துகொண்டன. ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடமுள்ள எந்தத் தகுதியினாலுமல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்ளுகிறார் என்று அதில் இருவரும் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். இதைப் பற்றி நீங்கள் இருவரும் மனம் திறந்து பேசலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆலயத்தில் திருவிருந்து இருக்கிறது என்றாயே, ஆராதனை முடியும்வரை இரு. முந்தின இரவு குடித்திருந்தாலும் போ. பாவ அறிக்கையில் அதைச் சொல், பிறகு மற்றவர்களோடு சேர்ந்து முன்னே போய் வாங்கிக்கொள். அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா