செட்டிநாட்டு வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து மேல்நிலைப் பள்ளிகளில் வேதியியல் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். பதினோராம் வகுப்பில் வேதியியலோடு மல்லுக்கட்டி, இப்போது கல்லூரியிலும் அதையே பாடமாக எடுத்துப் படித்துவரும் மாணவி நான். ஒளி, வானொலி அலை, எக்ஸ் கதிர் ஆகியவற்றையெல்லாம் உள்ளடக்கிய மின்காந்தக் கதிர்வீச்சு பற்றி மட்டும் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன்.

பதினோராம் வகுப்பு வேதியியலில் அணுவின் குவாண்டம் மாதிரி இரண்டாவது பாடமாகவே வந்துவிடுகிறது. இயற்பியலிலோ அலைகள் அவ்வாண்டின் கடைசிப் பாடம். மின்காந்த அலைகள் பன்னிரண்டாம் வகுப்பில்தான் வருகின்றன. இந்த வரிசையை வகுத்தவர்கள் நீங்கள் அல்ல. ஆனால், ‘ஆற்றல் = பிளாங்க் மாறிலி × அதிர்வெண்’ என்ற சூத்திரத்தில் எண்களைப் போட்டுச் சரியான விடையை எடுத்துவிடுகிற மாணவருக்கு, அந்த விடை பெரியதா சிறியதா, அவ்வளவு ஆற்றலால் என்ன நடக்கும் என்று சொல்லத் தெரியாமல் போவதற்கு வரிசை மட்டுமே காரணமல்ல. விடையை எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லாததே பெரிய காரணம்.

நம் வீடுகளில் கேட்கும் கோடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 2.98 மீட்டர், ஒரு ஃபோட்டானின் (அதாவது, அக்கதிர்வீச்சின் ஓர் ஆற்றல் பொட்டலத்தின்) ஆற்றல் 6.66 × 10⁻²⁶ ஜூல். சோடியம் உப்பைச் சுடரில் காட்டினால் எழும் மஞ்சள் ஒளியின் அலைநீளம் 589 நானோமீட்டர். அதன் ஃபோட்டானுக்கு 3.37 × 10⁻¹⁹ ஜூல். இரண்டும் வெற்றிடத்தில் ஒரே வேகத்தில் செல்பவை, ஒரே இனத்தவை. ஆனால் மஞ்சள் ஒளியின் ஃபோட்டானுக்கு ஏறக்குறைய 50 லட்சம் மடங்கு ஆற்றல் கூடுதல். அடுக்குக்குறியில் எழுதும்போது உறைக்காத இந்த வித்தியாசம், 50 லட்சம் என்றதும் உறைக்கிறது.

அதைவிட முக்கியம், ஜூலில் கிடைத்த விடையை மோல் கணக்குக்கு மாற்றுவது. ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கையான அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால், சோடியத்தின் மஞ்சள் ஒளி மோலுக்கு 203 கிலோஜூல் ஆகிறது. பிணைப்பு ஆற்றல்களும் இதே அலகில்தான் தரப்படுகின்றன. குளோரின் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 242 கிலோஜூல் வேண்டும். இதைத் திருப்பிக் கணக்கிட்டால் 494 நானோமீட்டர் வருகிறது. அப்படியானால் மஞ்சள் ஒளியின் ஆற்றல் அதற்குப் போதாது; நீல ஒளிக்கும் புறஊதாக் கதிருக்கும் போதும். மீத்தேனும் குளோரினும் இருட்டில் சும்மா இருந்துவிட்டு வெளிச்சம் பட்டதும் வினைபுரிவது ஏன் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஆனால் அதை நாங்கள் கரிம வேதியியலில், மாதங்கள் கழித்துப் படிக்கிறோம். அச்சமன்பாட்டில் அம்புக்குறியின் மேல் எழுதும் hν என்ற இரண்டு எழுத்துகள் பிளாங்க் மாறிலியும் அதிர்வெண்ணும்தான் என்று யாரும் சொல்லாததால், அதை ஏதோ வினையூக்கியின் பெயர் என்று எண்ணியபடியே தேர்வெழுதியவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள். (கைபேசிக் கோபுரத்தையும் எக்ஸ் கதிரையும் ஒரே தட்டில் வைத்துப் பயப்படும் உறவினர்களிடம் பேசவும் இந்தக் கணக்கு பயன்படும்.)

செய்முறை வகுப்பிலும் இதே நிலைதான். கால்சியம் செங்கல் சிவப்பு, காப்பர் நீலப்பச்சை என்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறோம். சோடியச் சுடரின் ஒளியைப் பழைய குறுந்தகட்டில் பிரதிபலிக்கவிட்டு, சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை விளக்கில் விரியும் நிறங்கள் அங்கே இருக்காது, மஞ்சள் மட்டும் தெரியும். நம் பழைய வீடுகளின் சன்னல்களுக்கு மேல் பதித்த சிவப்புக் கண்ணாடியின் வழியே வெயில் விழும் இடத்தில் அதே தகட்டை வைத்தால், நீலமும் பச்சையும் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். கண்ணாடி அவற்றை உட்கவர்ந்துவிடுகிறது. சுடரோ தானே ஒளியை உமிழ்கிறது. உமிழ்தலுக்கும் உட்கவர்தலுக்கும் உள்ள வேறுபாட்டை இப்படிக் காட்ட ஆய்வகச் செலவு எதுவும் ஆகாது. சூரியனையோ, தகட்டில் தெரியும் அதன் பிம்பத்தையோ நேராகப் பார்க்கக் கூடாது என்று மட்டும் எச்சரித்துவிடுங்கள்.

1953 முதல் சிக்ரி எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் ஊரிலேயே இயங்கிவருகிறது. அங்கே மாணவர்களை அழைத்துச் செல்லும் நாளில், அரங்குகளைச் சுற்றிக் காட்டுவதோடு நிறுத்தாமல், ஒரு வண்ணக் கரைசல் எந்த அலைநீளத்தை உட்கவர்கிறது என்பதை நிறமாலைமானியில் எங்கள் கண்முன் அளந்து காட்டும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை, முதல் இடைப்பருவத் தேர்வுக்குமுன் ஒரே ஒரு பாடவேளையைக் குளோரின் கணக்குக்கு ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் மாணவி ஒருத்தி,
காரைக்குடி