முனிராஜுக்கு, வாட்டர் சர்வீஸ் விஷயமாக

காவேரிப்பட்டினம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள முனிராஜுக்கு,

மாது எழுதுவது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒன்று சொல்ல ஆரம்பிப்பதற்குள் நீ மாத வருமானம் வரைக்கும் கணக்குப் போட்டுவிடுவாய். ஐ.டி.ஐ. காலத்திலிருந்தே உன் முன்னால் நான் ஒரு பேச்சை முழுசாக முடித்ததில்லை. அதனால்தான் காகிதம்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். எனக்குத்தான் முழங்கால் படுத்துகிறது. கடையில் மோட்டார் காயில் கட்ட உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் தேவைப்படுகிறது. சின்னவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதைப் பிறகு எழுதுகிறேன்.

நீ ஆரம்பிக்க நினைக்கிற வண்டி கழுவும் கடைக்கு, நீ சொன்னபடி மூன்று நாள் மத்தியானத்துக்கு மேல் என் கடையைப் பூட்டிவிட்டு இடம் பார்த்தேன். முதல் நாள் நீ ஆசைப்பட்ட பைபாஸ் ஓரம். டீக்கடை பெஞ்சில் பழைய டைரியோடு உட்கார்ந்து ஒரு வண்டிக்கு ஒரு கோடு என்று போட்டேன். டீ ஆறுவதற்குள் பக்கம் நிறைந்துவிட்டது. கிருஷ்ணகிரியில் பெங்களூர், சென்னை, சேலம், திருவண்ணாமலை என்று நாலு திசை ரோடும் வந்து கூடுகிறது, அதில் சேலம் போகும் ரோடு நம் ஊரை உரசிக்கொண்டு போகிறது. நூற்றில் ஒன்று உள்ளே திரும்பினால் போதுமே என்று எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது.

அப்புறம் கோடு போடுவதை விட்டுவிட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். கர்நாடகா, கேரளா, சேலம், ஈரோடு, கோயம்புத்தூர். உள்ளே இருப்பவனுக்கு ஒரே நினைப்பு, இருட்டுவதற்குள் தொப்பூர் கணவாயைத் தாண்ட வேண்டும். அவன் டீக்கு நிறுத்துவான், ஒதுங்க நிறுத்துவான், பத்து நிமிஷம். முக்கால் மணி நேரம் வண்டியை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார அவனுக்கு என்ன தலையெழுத்து? நம் ஊர்க்காரன் பைபாஸுக்கு வருவானா என்றால், நடுவில் தடுப்புச் சுவர். எதிர்ப் பக்கம் கடை இருந்தால் பாலத்துக்கு அடியில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். வரமாட்டான். பைபாஸ் வாடகை மட்டும் ஊருக்குள் இருப்பதைப் போல இரண்டு பங்கு கேட்கிறார்கள்.

மறுநாள் பாலக்கோடு ரோட்டுப் பக்கம் உட்கார்ந்தேன். வண்டி குறைவுதான். ஆனால் பிளேட்டெல்லாம் டி.என். 24, டி.என். 29, நம் கிருஷ்ணகிரியும் தர்மபுரியும்தான். நாலு மணிக்குப் போன வெள்ளைக் கார் ஆறரைக்குத் திரும்பி வருகிறது. ஓட்டுபவர் டீக்கடைக்காரரைப் பார்த்துக் கை காட்டுகிறார். நமக்குச் சோறு போடுகிறவன் இவன்தான். இவன் கார் அழுக்கானால் இந்த வழியாகத்தான் அழுக்கோடு வருவான்.

இனி உன் கணக்குக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு நாளைக்குப் பதினைந்து கார், காருக்கு 500, மாதம் முப்பது நாள் என்று எழுதியிருந்தாய். முனி, செவ்வாய்க்கிழமை எவன் கார் கழுவுவான்? புது வண்டி வைத்திருப்பவன் கிருஷ்ணகிரி கம்பெனி சர்வீஸுக்குப் போய் அங்கேயே கழுவிக்கொண்டு வந்துவிடுகிறான். இந்த வியாபாரத்துக்கு ஞாயிறு காலை, அமாவாசைக்கு முந்தின நாள், முகூர்த்தத்துக்கு முந்தின நாள், ஆயுத பூஜைக்கு முந்தின இரண்டு நாள். ஆயுத பூஜைக்கு மட்டும் ராத்திரி பன்னிரண்டு வரை வரிசை நிற்கும், மறுநாள் சந்தனப் பொட்டு வைக்கிற வண்டியில் சேறு இருக்கக்கூடாது அல்லவா. மற்ற நாளெல்லாம் பைக்கும் குட்டியானையும் ஸ்கூல் வேனும் பால் வண்டியும்தான். மாங்காய் சீசனில், வைகாசி ஆனியில், கூழ் ஆலைகளுக்கு லோடு அடிக்கிற குட்டியானைகள் மாம்பால் ஒட்டி, நசுங்கின பெங்களூரா மாம்பழம் நாறி, ஈ மொய்த்துக்கொண்டு நிற்கும். கார் கடை என்று போர்டு வைத்தால் இவர்கள் உள்ளே வரக் கூச்சப்படுவார்கள். 'வாட்டர் சர்வீஸ்' என்றே போடு. உன் பையன் சொல்கிற இங்கிலீஷ் பேரெல்லாம் ஓசூரோடு இருக்கட்டும்.

பக்கத்தில் போட்டிக் கடை உண்டா என்று கேட்டிருந்தாய். பெரிய போட்டி தென்பெண்ணை ஆறுதான். தண்ணீர் ஓடுகிற மாதங்களில் வண்டியை ஆற்றுக்குள் இறக்கி, ஒரு வாளி, ஒரு பழைய பனியன், அரை மணி நேரம். காசு கிடையாது, குளியலும் ஆச்சு. டிராக்டர்காரர்களை நீ ஆற்றிலிருந்து பிரிக்க முடியாது, விட்டுவிடு.

இப்போது தண்ணீர். நாற்பது வருஷமாக இந்தப் பக்கத்துப் போர்வெல் மோட்டார்களுக்கு நான்தான் காயில் கட்டுகிறேன். எந்தக் காட்டில் எத்தனை அடி, எவனுடையது கோடையில் காற்றாக வரும் என்று எனக்குத் தெரியும். நம் பூமி அடியில் பாறை. பாறை வெடிப்பில் ஊறுகிற தண்ணீர்தான், அது எங்கே ஓடுகிறது என்று தேங்காய் வைத்துப் பார்ப்பவருக்கும் தெரியாது. ஆற்றுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மேலேயே கிடைக்கும். பாலக்கோடு ரோட்டில் மேடு ஏற ஏற எண்ணூறு, ஆயிரம் அடி போயும் முக்கால் இஞ்ச் வந்தால் சாமி கும்பிட வேண்டியதுதான். நீ பார்க்கச் சொன்ன இரண்டாவது இடம் அந்த மேட்டில்தான் இருக்கிறது. இடம் லட்சணமாக இருக்கிறது, தண்ணீர் இல்லை. அதைத் தள்ளிவிட்டேன்.

பிரஷர் கன் வைத்துக் கழுவினால் காருக்கு இருநூறு லிட்டருக்குள் முடிக்கலாம். வெறும் ஹோஸைத் திறந்துவிட்டால் அதுபோல் இரண்டு மடங்கு போகும். பத்து கார், இருபது பைக் என்றால் மூவாயிரம் லிட்டராவது வேண்டும், சுமாரான போருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் ஏப்ரலில் போர் காலை வாரினால் டேங்கர் லோடு, அதில் லாபம் போய்விடும். பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிதண்ணீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று போட்டார்களே, உன் பையனைக் கேள், சொல்வான். இங்கே அப்படிச் சட்டம் வராவிட்டாலும், தெருவில் குடத்தோடு நிற்கிற பெண்கள் முன்னால் நாம் காருக்குத் தண்ணீர் அடித்தால் என்ன பேச்சு வரும் என்று யோசி.

அளவை விடத் தரம் பெரிய தலைவலி. நம் போர் தண்ணீரில் ஃபுளூரைடு இருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பல்லில் காவி ஏறின நம் தலைமுறைக்கு அதை விளக்க வேண்டியதில்லை. காருக்குப் ஃபுளூரைடு பற்றிக் கவலை இல்லை, ஆனால் உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது. வெயிலில் காய்ந்தால் கண்ணாடியிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. கறுப்புக் காரென்றால் அம்மை போட்டது மாதிரி இருக்கும், கழுவாமலே இருந்திருக்கலாம் என்று கஸ்டமர் திட்டிக்கொண்டு போவான். முழுத் தண்ணீரையும் சாஃப்ட்னரில், அதாவது தண்ணீரை மென்மையாக்குகிற மெஷினில், விட வேண்டியதில்லை. கடைசி அலசலுக்கு முப்பது லிட்டர் நல்ல தண்ணீர் போதும், அதற்கு மட்டும் சின்ன சாஃப்ட்னர் வை. கூரையிலிருந்து மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு தொட்டி. மேலே நிழல் கட்டாயம்.

ஆற்றுப் பக்கம் ஒரு ரைஸ் மில் இடம் காலியாக இருக்கிறது. பழைய த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷன், இருநூற்று நாற்பது அடியில் ஒன்றரை இஞ்ச் தண்ணீர் போர். மோட்டார் நான் கட்டினதுதான், பொய் சொல்லாது. இதுதான் எனக்குப் பிடித்த இடம். அடுத்த காட்டுக்காரர், "என் கிணத்திலிருந்து எடுத்துக்குங்க, கரெண்டு இலவசம்தானே" என்றார். அந்தப் பக்கமே போகாதே. விவசாயத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் கார் கழுவினால் பிடித்து அபராதம் போடுவார்கள், அவருடைய கனெக்‌ஷனும் போகும்.

அந்த இடத்தில் எனக்கு ஒரே உறுத்தல், கழிவுத் தண்ணீர். பின் சுவரை ஒட்டி ஒரு ஓடை நேராக ஆற்றுக்குப் போகிறது. முன்பு தவிடுதான் போனது. இனி நாம் கிரீஸும் டீசலும் ஷாம்பூவும் விடுவோமா? ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலத்தில் பஞ்சு மாதிரி நுரை பொங்கி நிற்பதை நீ பார்த்துச் சிரித்தாய், பெங்களூர்க்காரனைத் திட்டினாய். அதே தென்பெண்ணைதான் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை தாண்டி இங்கே வருகிறது. மூன்று அறைக் குழி கட்டிவிடு. முதல் அறையில் மண் தங்கும், இரண்டாவதில் எண்ணெய் மேலே மிதக்கும், மூன்றாவதில் தெளிந்ததை எடுத்து மறுபடி அடிப்பாகம் அடிக்க வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை மண் அள்ளணும், எண்ணெயை வழிக்கணும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதிக்கும் அது இருந்தால்தான் பேச முடியும். குழியை மிச்சம் பிடிக்கிற யோசனை இருந்தால் சொல்லிவிடு, நான் இதிலிருந்து விலகிக்கொள்கிறேன். ஆடிப்பெருக்குக்கு என் பெண்டாட்டி அந்தத் தண்ணீரில்தான் முழுகுகிறாள்.

வண்டியை ஏற்றி அடிப்பாகம் கழுவ ஒரே ஒரு ராம்ப் போதும், ஹைட்ராலிக் லிஃப்ட் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். இடத்தை வாங்காதே, மூன்று வருஷ அக்ரிமென்ட் போடு. பி.எஃப். பணத்தில் பாதிக்கு மேல் இதில் இறக்கினால் உன் வீட்டுக்காரி என்னைத்தான் கேட்பாள். வேலைக்கு இரண்டு பையன்கள் வேண்டும், அவர்களைப் பிடிப்பது தண்ணீர் பிடிப்பதைவிடக் கஷ்டம். எல்லோரும் ஓசூர் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள்.

மில்காரர் அடுத்த அமாவாசை வரைதான் பொறுப்பேன் என்கிறார். அதற்குள் ஒரு ஞாயிறு வா. உன் கறுப்புக் காரைக் கழுவாமல் எடுத்து வா. அந்தப் போர் தண்ணீரில் பாதி பானெட்டை மட்டும் கழுவி, துடைக்காமல் வெயிலில் விட்டுவிட்டு, நாம் சாப்பிடப் போவோம். திரும்பி வந்து புள்ளியைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் பேசலாம். தங்கச்சிக்கு நிப்பட், நம் ஊர்த் தட்டை, இரண்டு கிலோ சொல்லி வைத்திருக்கிறேன், பஸ்ஸில் கொடுத்துவிட்டால் நொறுங்கிவிடும், நீயே வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
மாது