எங்கள் கிராபிக் நாவலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கமுங்க.

திருப்பூருக்கு வேலைக்கு வரும் ஒரு பெண், அவள் அறைத்தோழி, அவளைக் காதலிக்கும் பையன். இந்த மூவரின் கதை 128 பக்கங்களில் படக்கதையாக அச்சாகிவிட்டது. அட்டையில் எங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது, உள்ளே இருப்பது பலருடைய உழைப்பு.

முதல் நன்றி பனியன் கம்பெனி அக்காக்களுக்கு. ஓவர்லாக் மிஷினில் துணியின் ஓரத்தை வெட்டும் கத்தி ஊசிக்கு வலப்பக்கம் இருக்கும். பக்க அமைப்புக்காகப் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டால் கத்தி இடப்பக்கம் போய்விடும். தைக்கத் தெரிந்தவர் அதற்கு மேல் கதையை நம்ப மாட்டார். துணியை இழுக்காமல் விரல் எப்படி வழி மட்டும் காட்டும் என்று மிஷினில் உட்கார்ந்தே காட்டினீர்கள். காதல் முறிந்த மறுநாள் அவள் தைக்கும் பக்கத்தில் முகமே இல்லை, விரல்கள் மட்டும்தான். புத்தகத்திலேயே எங்களுக்கு மிகப் பிடித்த பக்கம் அது.

மனநல ஆலோசகர் அம்மாவுக்குக் கடன்பட்டிருக்கிறோம். போன் பாஸ்வேர்டை அவன் கேட்கும் காட்சியை அவன் தோளுக்குப் பின்னாலிருந்து வரைந்தால் வாசகர் அவன் பக்கம் நிற்பார், அதட்டலும் அக்கறைபோலத் தெரியும் என்றார். இப்போது அதை அவள் கண்மட்டத்திலிருந்து பார்க்கிறோம். அவள் பதில் சொல்லாத இரண்டு பேனல்களில் (படக்கட்டங்களில்) ஒரு வார்த்தையும் இல்லை.

ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும், தென்னை ஓலை மேற்கே இருக்கும் மலைப்பக்கம் சாயாது என்று திருத்திய பல்லடத்துத் தோட்டக்கார அண்ணனுக்கும் நன்றிங்க.

எழுத்து அமைத்த தம்பிக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். தமிழ் வசனத்தை முதலில் பக்கத்தில் வைத்து, அதைச் சுற்றி பலூன் (வசனக் குமிழ்) போட்டு, பிறகுதான் படம் வரைய வேண்டும். மாற்றிச் செய்தால் நீளமான சொற்கள் பாதியில் உடையும். மேல்வரியின் உகர வாலும் கீழ்வரியின் இகரச் சுழியும் முட்டாதபடி வரி இடைவெளியைக் கூட்டினார். கொம்பும் காலும் இடம் மாறாதிருக்க, அச்சுக்குப் போகும் கோப்பில் எழுத்துகளை அவுட்லைனாக்கி, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றித் தந்தார்.

கோவை அச்சகத்துக்காரர் கோட்டிங் இல்லாத மேப்லித்தோ தாளில் சோதனைப் பிரதி ஓட்டிக் காட்டினார். அந்தத் தாளில் மை பரவும், அடர்ந்த சாம்பல் கறுப்பாகவே விழும். அதனால் இரவுக் காட்சிகளை வெளுக்க வைத்தார். பைண்டிங் விழுங்காதபடி முகங்களை நடுமடிப்பிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னதும் அவர்தான்.

உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். வீட்டுக்கே வந்து தருகிறோமுங்க.