ஓரங்கட்டச் சொன்ன அண்ணனுக்கு நன்றி

நெடுஞ்சாலையில் பின்னால் வந்து, விளக்கைப் போட்டுக் காட்டி ஓரங்கட்டச் சொன்ன அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள். என் வண்டி இழுத்துவந்த டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடியதைப் பார்த்ததுமே, அதன் பின்பக்கம் பாரம் கூடிவிட்டது என்று கண்டுபிடித்தீர்கள். தண்ணீர் கேன்களை டிரெய்லரின் சக்கர அச்சுக்கு முன்னால் நகர்த்தி வைத்ததும் நீங்கள்தான். வண்டியின் பின்பக்கக் கொக்கியில் மாட்டி இழுக்கும் இந்த வகை டிரெய்லருக்கு, அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்தக் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்றீர்கள். அப்புறம் குனிந்து, பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் குறுக்காக மாட்டினீர்கள். கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் முன்தண்டு தரையில் குத்தாமல் அவை தாங்கிக்கொள்ளுமாம். மறுபடி ஆடினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுக்கச் சொன்னீர்களே, எனக்கு அதுதான் பெரிய உதவி. வண்டியின் இழுவைத்திறனை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்? எங்கிருந்தாலும் குடும்பத்தோடு நன்றாக இருங்கள், அண்ணா.