கடைசி பஸ் அண்ணைக்கு

அண்ணை,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஏ9 வீதியில் இரவு கடைசி பஸ் ஓட்டுகிறவர் என்பது மட்டும் தெரியும். உங்களைத் தெரிந்த யாராவது இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

அந்த மழைக் கிழமைகளில் குளத்துக்கும் எங்களுக்கும் நடந்ததை ஊரே பார்த்தது. குளம் நிரம்பி வான் பாய்ந்து ஓய்ந்துவிட்டது, வயலில் நின்ற தண்ணீரும் வடிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு உயிரும் போகவில்லை. இதை எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது.

குளத்துத் தண்ணீர் ஏறினால் வீடுகளுக்குச் சொல்ல நாங்கள் பூட்டின கருவிகள் நனைந்து செத்துவிட்டன. அவற்றைக் குளக்கட்டிலிருந்து கழற்றிவந்து, கிளிநொச்சி அறிவியல் நகர் ஆய்வுகூடத்தில் இரவிரவாகத் திருத்திக்கொண்டிருந்தோம். நாலு பேரும் பெண் பிள்ளைகள். எட்டு மணி தாண்டித்தான் நான் பஸ் ஏறுவேன். மாங்குளத்துக்கு இப்பால், லைற் இல்லாத ஒழுங்கையில் இறங்கவேண்டும். படலைக்கு முந்நூறு அடி நடை. யானை வருகிற பக்கம்.

முதல் நாள் நான் இறங்கின பிறகும் பஸ் போகவில்லை. திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பஸ்ஸைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, முகத்தைத் திருப்பி, ஒழுங்கைக்குள் லைற் அடித்தீர்கள். உள்ளே யாரோ நேரம் போகுதெண்டு சத்தம் போட்டார்கள். "பிள்ளை படலைக்குள்ள போகட்டும்" என்றீர்கள். நான் படலையில் நின்று போன் வெளிச்சத்தை இரண்டு தரம் காட்டினேன். நீங்கள் இரண்டு தரம் ஹோன் அடித்துவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து பத்தொன்பது இரவு. ஒரு இரவும் தவறவில்லை.

அந்த ஹோன் சத்தத்தைக் கேட்டுத்தான் அம்மா விளக்கைக் கூட்டுவா. அம்மா கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவ. முழங்காலில் இருந்து, ஒவ்வொரு சாணாக மண்ணைப் பார்த்துப் பார்த்து எங்களைப் படிப்பித்தவ. வன்னியில் பெண்களுக்குத் தொழில்நுட்பம் புதிதென்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். உலோகம் தேடும் கருவியின் சத்தத்தை நம்பி உயிரை வைத்த பெண்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள்!

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. குளத்துத் தண்ணீர்மட்டம் ஏறினால் வீடுகளுக்குத் தானாக அழைப்புப் போகும்படிதான் நாங்கள் முதலில் செய்திருந்தோம். கருவி தண்ணீரை நோக்கி ஒலி அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை எண்ணும். 35 பாகை வெயிலிலும் 25 பாகை மழைக்காற்றிலும் ஒலியின் வேகம் ஒன்றல்ல. நாலு மீற்றருக்கு ஏழு சென்ரிமீற்றர் பிழைக்கும். வான் பாயும் விளிம்பில் அது பெரிய கணக்கு. பக்கத்தில் வெப்பமானி வைத்து அதைச் சரிப்படுத்தினோம். அனுப்புவதில் எல்லாம் கவனமாகத்தான் இருந்தோம். போய்ச் சேர்ந்ததா என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

2018 டிசம்பர் வெள்ளத்தில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. தண்ணீர் திண்ணையில் ஏறினபிறகுதான் எழும்பினோம். அப்படியிருந்தும் எனக்கு அது பிடிபடவில்லை. உங்கள் ஹோன்தான் பிடிபட வைத்தது. நான் வெளிச்சம் காட்டும்வரை நீங்கள் போகவில்லை. ஐந்தாம் இரவு வீட்டுக்கு வந்ததும் கொப்பியை எடுத்தேன். இப்போது அழைப்பை எடுத்தவர் ஒன்றை அழுத்தவேண்டும். அழுத்தாவிட்டால் திரும்ப அடிக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்கு அடித்து, "ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்று சொல்லும். எங்களில் ஒரு தங்கச்சிக்குக் காது கேளாது. "எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று அவள் எழுதிக் காட்டினாள். சிவப்புச் சுழல்விளக்கு அப்படித்தான் வந்தது. கடைசி மழையில், தனிய இருக்கிற ஒரு ஆச்சியின் வீட்டிலிருந்து பதில் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெடியன் போய்த் தூக்கி வந்தான்.

ஆய்வுகூடத் திறப்பைத் தந்த விரிவுரையாளருக்கும், குளக்கட்டில் ஏறி எங்களோடு நனைந்த கமக்காரர் ஐயாமாருக்கும், சோல்டர் ஈயம் கடனாகத் தந்த போன்கடை அண்ணாவுக்கும், பற்றரி வாங்கக் காசு அனுப்பின கனடா மாமாவுக்கும், ஒவ்வொரு பின்னேரமும் தேத்தண்ணியும் பணிசும் தந்த கன்ரீன் அக்காவுக்கும் எங்கள் நாலு பேரின் நன்றி. ஒரு அலுவலகத்தில் "பொம்பிளைப் பிள்ளையளோ குளக்கட்டில ஏறுறது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்னும் வலிக்கிறது.

சிறுபோகத்துக்கு முதல் பன்னிரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்த வேலை பழக்கப் போகிறோம். நேரசூசி போட முதல் பஸ் நேரங்களைத்தான் எழுதி வைத்தேன். யார் எந்த ஒழுங்கையில் இறங்குவாள், அங்கே லைற் இருக்கா, வீட்டில் யார் நிற்பார் என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டு எழுதியிருக்கிறேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று பன்னிரண்டு பேரும் சொல்லும்வரை நான் படுக்கமாட்டேன்.

அம்மா உங்களுக்கென்று பயற்றம் பணியாரம் சுட்டு வைத்திருக்கிறா. வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸுக்கு வருவேன், அண்ணை.