செம்பனார்கோயில் – ஆக்கூர் சாலையில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

அப்பாவின் சதாபிஷேகத்துக்காகக் கோவையிலிருந்து திருக்கடையூருக்குக் காரில் வந்த குடும்பம் நாங்கள். தை மாதக் கடைசி. மயிலாடுதுறை தாண்டி, செம்பனார்கோயிலையும் கடந்து, ஆக்கூர் வருவதற்குள் பொழுது சாயும் நேரத்தில் வண்டி நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தால் ஒரே ஆவி. மறுநாள் விடிந்தால் முகூர்த்தம். வண்டிக்குள் எண்பது வயது அப்பா, முட்டிவலியோடு அம்மா, பசியில் பிள்ளைகள்.

முதலில் நின்றவர் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்த டிராக்டர்காரர். இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். சம்பா அறுவடை நேரத்தில் டெல்டாவில் யாருக்கும் நேரம் மிச்சம் இருக்காது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வரிசையில் பின்தங்கினால் மூட்டைகள் இரவுப் பனியில் கிடக்கும், காயவைத்த நெல் மறுபடி ஈரம் ஏறும். அதெல்லாம் தெரிந்தவர்தான் எங்கள் காரை ஓரமாகத் தள்ளிவிட்டு, மெக்கானிக்குக்கும் போன் போட்டுவிட்டு, டிரெய்லரை எங்களுக்குப் பின்னால் விளக்கு எரியவிட்டு நிறுத்தினார். "இருட்டு ரோடு சார், லாரிக்காரன் வேகமா வருவான், நான் இருக்கேன்" என்றார். மெக்கானிக் வந்து சேரும்வரை நகரவில்லை.

எதிர் வீட்டு அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? அம்மாவால் தரையோடு இருக்கும் கழிப்பறையில் உட்கார முடியாது. அதை அம்மா வாய்விட்டுச் சொல்லவே இல்லை. அம்மா படியேறும்போதே அக்கா கவனித்திருக்கிறார். நடுவில் பலகை கழன்ற ஒரு பழைய நாற்காலியைத் தேடி எடுத்துக் கழுவி உள்ளே போட்டுவிட்டு, "எங்க மாமியாருக்கு வச்சிருந்ததும்மா, பயப்படாம போங்க" என்றார். பிள்ளைகளுக்குச் சுடச்சுட இட்லி. எங்களைச் சாப்பிட வைத்த பிறகுதான் ஊர் பேர் கேட்டார்.

மெக்கானிக் தம்பி செல்போன் வெளிச்சத்தில் ரேடியேட்டர் ஹோஸை விரலால் தடவிப் பார்த்தே வெடிப்பைக் கண்டுபிடித்துவிட்டார். கிளாம்ப் பக்கம் கிழிந்த நுனியை மட்டும் பிளேடால் நறுக்கி, மிச்சத்தை இழுத்து மாட்டி முடுக்கினார். சூடு ஆறியபின் அக்கா வீட்டு அடிபம்புத் தண்ணீரை ஊற்றி, மூடியைத் திறந்துவைத்தே இன்ஜினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினார். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோம். சதாபிஷேகத்துக்குப் போகிறோம் என்று தெரிந்ததும் கூலி வாங்க மறுத்துவிட்டார். அப்பா வற்புறுத்திக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு காலில் விழுந்தார்.

திருக்கடையூரில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. அறுபதுக்கும் எண்பதுக்குமாக எத்தனையோ தம்பதிகள், பிரகாரம் முழுக்க ஹோமப் புகை. அப்பாவுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்த சிவாச்சாரியார், நாங்கள் கேட்காமலே காற்று வரும் பக்கமாக இடத்தை மாற்றி, மணைக்குப் பதில் முக்காலி போடச் சொன்னார். கலச நீரை நாங்கள் ஒவ்வொருவராக ஊற்றினோம். எமனைக் காலால் உதைத்த காலசம்ஹார மூர்த்தியின் சந்நிதியில் அப்பாவும் அம்மாவும் மாலையோடு நின்றபோது நாங்கள் யாருமே பேசவில்லை. சிவாச்சாரியாருக்கும், கனமான மாலையைப் பிரித்து அம்மா கழுத்து தாங்குகிற அளவுக்குக் கட்டிக் கொடுத்த பூக்கார அம்மாவுக்கும் எங்கள் வணக்கம்.

அக்காவுக்கும் மெக்கானிக் தம்பிக்கும் போனில் பேசிவிட்டோம், படங்களும் அனுப்பியாயிற்று. டிராக்டர்காரரின் பெயரோ ஊரோ கேட்டு வைக்க அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. நீல நிற டிராக்டர், கழுத்தில் பச்சைத் துண்டு, நாற்பது வயது இருக்கலாம். அந்தப் பக்கத்துக்காரர்கள் யாருக்காவது அவரைத் தெரிந்தால் இந்த மடலை அவரிடம் படித்துக் காட்டுங்கள். அன்றைக்கு மூட்டையெல்லாம் எடை போட்டார்களா என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.